மோரீசுத் தீவும் அங்கு வாழும் தமிழரும்

கடல் கடந்து சென்ற தமிழர் என்றதும் ஈழம், மலாயா, பர்மா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளே நம் நினைவிற்கு வருகின்றன. இந்துமாக் கடலின் தென்மேற்கு மூலையில், மடகாசுகர்த் தீவுக்குக் கிழக்கே எண்ணூறு கிலோமீட்டருக்கும் அப்பால் தனித்து நிற்கும் மோரீசுத் தீவை நினைப்போர் சிலரே. ஆயினும் தமிழெழுத்துப் பொறித்த பணத்தாளைப் புழங்குவதும், தைப்பூசத்தை அரசு விடுமுறையாகக் கொண்டாடுவதும் அந்நாட்டின் சிறப்புகள். அங்குச் செல்லும் தமிழன் ஒருவன் காணத்தக்கவை எவை, அவற்றின் பின்னுள்ள வரலாறு யாது என்பதைச் சுருங்கக் காண்போம்.

தீவின் அமைப்பு

மோரீசு எரிமலைக் குழம்பால் உருவான தீவு. பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை பன்னிரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல். தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள் அரண்போல் வளைந்திருப்பதால் கரையோரக் கடல் பெரும்பாலும் குளம்போல் அமைதியாக இருக்கின்றது. மலைகள் உயரத்தில் சிறியன, தோற்றத்தில் விந்தையானவை. ‘பீட்டர் போத்’ என்னும் குன்றின் உச்சியில் மனிதத் தலை போன்றதொரு பாறை அமர்ந்திருப்பதைத் தலைநகராகிய போர்ட் லூயியிலிருந்தே காணலாம். சமவெளியில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கரும்பு. அக்கரும்பே இந்நாட்டின் வரலாற்றை எழுதிற்று எனின் மிகையன்று.

மூவர் ஆண்ட தீவு

அராபிய மாலுமிகள் இத்தீவை அறிந்திருந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியரும் கண்டனர். இருசாராரும் குடியேறவில்லை. 1598ஆம் ஆண்டு ஒல்லாந்தர் வந்திறங்கித் தம் இளவரசர் மோரிட்சின் பெயரை இதற்கு இட்டனர். ‘டோடோ’ என்னும் பறக்கவியலாப் பறவை இங்கன்றி உலகில் வேறெங்கும் இருந்ததில்லை. மனிதனைக் கண்டு அஞ்சியோட அறியாத அப்பறவை, ஒல்லாந்தரின் வேட்டைக்கும், அவர்தம் கப்பல்களில் வந்த எலி, பன்றி, குரங்குகளுக்கும் இரையாயிற்று. அதனை இறுதியாகக் கண்டதாகக் கூறப்படும் ஆண்டு 1662. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற மற்றொன்று, 1639இல் சாவகத்திலிருந்து கொணர்ந்த கரும்பு. 1710இல் அவர்கள் தீவைக் கைவிட்டனர்.

1715இல் பிரெஞ்சுக்காரர் இதனைக் கைப்பற்றி ‘பிரான்சுத் தீவு’ எனப் பெயரிட்டனர். 1735 முதல் 1746 வரை ஆளுநராயிருந்த லா பூர்தொனே என்பவரே போர்ட் லூயித் துறைமுகத்தை எழுப்பியவர். அவருடைய பெயர் தமிழக வரலாற்றிலும் உண்டு. 1746இல் கடற்படையுடன் வந்து சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தவர் அவரே. துறைமுகம் கட்டுவதற்குக் கொத்தரும் தச்சரும் வேண்டியிருந்தனர். அவர்களைப் புதுச்சேரியிலிருந்து வரவழைத்தார். எனவே தமிழர் மோரீசில் முதலிற் கால்வைத்தது கூலிகளாக அன்று; கைவினைஞராக என்பது கருதத்தக்கது. அவர்கள் வாழ்ந்த புறநகர்ப் பகுதி ‘மலபார் முகாம்’ எனப்பட்டது. தமிழரைப் பிரெஞ்சுக்காரர் ‘மலபாரிகள்’ என்றே அழைத்தனர்.

அதே காலத்தில் மடகாசுகரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர் விலங்கிட்டுக் கொணரப்பட்டனர். இந்தியாவிலிருந்தும் அடிமைகள் வந்தனர். தப்பியோடியோர் தென்மேற்கிலுள்ள ‘லெ மோர்ன்’ என்னும் செங்குத்தான மலையில் ஒளிந்து வாழ்ந்தனர். அம்மலையை 2008இல் யுனெசுகோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அடிமைகள் தம் துயரத்தை மறக்க ஆடிய ‘சேகா’ நடனம் இன்று நாட்டின் பொதுக்கலை. ஆட்டுத்தோல் போர்த்த ‘ரவான்’ பறையைத் தீயில் வாட்டிச் சுதி ஏற்றி முழக்குவதைக் காணும் தமிழருக்கு, நம் ஊர்ப் பறை காய்ச்சும் காட்சி நினைவிற்கு வரும்.

1810இல் ஆங்கிலேயர் தீவை வென்றனர். பிரெஞ்சுச் சட்டத்துக்கும் மொழிக்கும் சமயத்துக்கும் இடையூறு செய்யோம் என வாக்களித்தனர். அதனால்தான் 158 ஆண்டுகள் ஆங்கிலேயர் ஆண்டும், அங்குத் தெருவில் ஒலிப்பது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழியாகவும், நாளேடுகள் பெரும்பாலும் பிரெஞ்சாகவும் இருக்கின்றன.

ஒப்பந்தக் கூலிகள்

1835 பிப்ரவரி முதல்நாள் அடிமைமுறை ஒழிந்தது. அடிமைகளின் உரிமையாளர்க்கு இருபது இலட்சம் பவுனுக்கும் மேல் இழப்பீடு கிடைத்தது. அடிமைகளுக்குக் காசொன்றும் இல்லை. விடுதலை பெற்றோர் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப மறுத்தனர். ஆகவே துரைமார்கள் இந்தியாவை நோக்கினர். 1834 நவம்பர் 2ஆம் நாள் ‘அட்லசு’ என்னும் கப்பல் 36 கூலிகளுடன் வந்தது. ஆங்கில அரசு இதனை ‘மாபெரும் சோதனை’ என்றது. சோதனை பலித்ததும் கயானா, டிரினிடாட், நேட்டால், பீசி ஆகிய நாடுகளுக்கும் அது பரவியது. நம் பினாங்கின் எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கரும்பு வெட்டிய தமிழரும் இம்முறையிற் சிக்கியவர்களே.

கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைகளிலிருந்து அடுத்த எண்பது ஆண்டுகளில் மோரீசுக்கு வந்தோர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். அவர்கள் ஏறிய படிக்கட்டுகளும் தங்கிய கொட்டகைகளும் போர்ட் லூயித் துறைமுகத்தருகே இன்றும் உள்ளன. ‘ஆப்ரவாசி காட்’ என்னும் அவ்விடம் 2006இல் உலக மரபுச் சின்னமாயிற்று. பயணிகள் தவறாது காணவேண்டிய இடம் இது. பெரிய மாளிகை ஏதும் அங்கில்லை. கல்லும் படியுமே உண்டு. எனினும் அப்படிகளின் முன் நிற்கையில், ஊரும் உறவும் விட்டு வந்த ஒரு முத்தம்மாளோ மாரிமுத்துவோ அவற்றில் கால்வைத்த கணத்தை எண்ணாதிருக்க முடியாது.

ஒரு நாள் வேலைக்கு வாராவிடில் இருநாள் கூலியைப் பிடித்துக்கொள்வது தோட்டத்துச் சட்டம். ஒப்பந்தம் முடிந்தவர்கூட நிழற்படம் ஒட்டிய சீட்டின்றி வெளியே நடமாடினால் சிறை. இக்கொடுமையை எதிர்த்து 1871இல் தெ பிளெவிட்சு என்னும் ஐரோப்பியர், தொழிலாளர் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் ஒப்பமிட்ட விண்ணப்பத்தை ஆளுநரிடம் அளித்தார். இம்முயற்சியில் அவருக்குத் துணைநின்றவர் இராசரத்தின முதலியார் என்னும் தமிழர். அவ்விண்ணப்பத்தின் பயனாக அரசாங்க விசாரணைக் குழு ஒன்று 1872இல் அமைந்தது. 1901இல் காந்தியடிகள் இத்தீவிற் சிலநாள் தங்கியபோது, பிள்ளைகளைப் படிக்கவையுங்கள், அரசியலில் ஈடுபடுங்கள் என்று இந்தியர்க்கு அறிவுரை கூறினார். 1968 மார்ச்சு 12ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது, 1992இல் குடியரசாயிற்று.

தமிழும் தமிழரும்

இன்று மோரீசு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர் தமிழர். குடிக்கணக்கில் ‘தமிழ்’ என்பது சமயத்தின் பெயராகவே பதியப்படுகின்றது. தைப்பூசத்துக்குப் பத்துநாள் நோன்பிருந்து காவடி எடுப்பர்; தீமிதிப்பர்; வாழையிலையில் ஏழுவகைக் கறி படைப்பர். முருங்கைக்கீரை கிரியோல் மொழியில் ‘முரும்’ ஆயிற்று. பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’ ஆயிற்று. இரசம் ‘ரசோன்’ ஆயிற்று. புட்டோ ‘புட்டு’வாகவே நின்றது. தமிழரல்லாதாரும் அவற்றை அப்பெயரிட்டே வாங்குகின்றனர்.

பணத்தாளின் கதை ஒன்றுண்டு. அதில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழும், பின்னர் நாகரி எழுத்தும் இருந்துவந்தன. 1998இல் வெளியான புதிய தாள்களில் இவ்வரிசை மாறித் தமிழ் பின்னுக்குத் தள்ளப்பட்டது. முதலில் வந்தவர் நாமன்றோ எனத் தமிழர் கிளர்ந்தெழவே, அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையில் அச்சிட்டது. நூறு ரூபாய்த் தாளில் இரங்கநாதன் சீனிவாசன் என்னும் தமிழ்த் தலைவரின் உருவத்தையும் காணலாம்.

ஆனால் அத்தாளைக் கையில் வைத்திருக்கும் தமிழரிற் பெரும்பாலோரால் அவ்வெழுத்தைப் படிக்க இயலாது என்பதே வருந்தத்தக்க உண்மை. வீட்டுமொழி கிரியோல், பள்ளிமொழி ஆங்கிலமும் பிரெஞ்சும். சுப்பையா ‘சூப்பாயா’ ஆனார். முத்து ‘மூத்தூ’ ஆனார். அவர்கள் அன்பின்றி மொழியை விட்டவரல்லர். தோட்டத்தில் பல இனத்தாரோடு கலந்து வாழ ஒரு பொதுமொழி வேண்டியிருந்தது; தமிழ் கற்பிக்கப் போதிய பள்ளி இல்லை; பிழைப்புக்கு அது உதவவில்லை. கோயிலில் மட்டும் எஞ்சியது. இன்று அரசுப் பள்ளிகளில் தமிழ் விருப்பப்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. 1970இல் மோக்காவில் தோன்றிய மகாத்மா காந்தி நிலையமும் தமிழுக்கு இடம் தந்துள்ளது. இழந்த மொழியைப் பாடநூல் வழியே மீண்டும் கற்பது எளிதன்று; ஆயினும் முயல்கின்றனர்.

மொழியை மறந்தவர் தமிழராகார் என்று எளிதிற் சொல்லிவிடலாம். அலகு குத்திக் காவடி சுமந்து வெயிலில் நடக்கும் அம்மக்களைக் கண்டபின் அவ்வாறு சொல்ல நா எழாது. அதே வேளையில், திருவிழாவால் மட்டும் மொழி பிழைக்காது. அடுப்படியிலும் திண்ணையிலும் பேசப்பட்டாலன்றி அது நில்லாது என்பதையும் அவர்கள் வரலாறு காட்டுகின்றது. பணத்தாளில் தமிழைக் காக்கத் தெருவில் இறங்கியோர் அவர்கள். வீட்டில் தமிழைக் காக்கும் வாய்ப்பு இன்னும் நம் கையில் இருக்கின்றது. நம் பிள்ளைகள் வீட்டில் எம்மொழியில் விடையிறுக்கின்றனர் என்பதை இன்றிரவு சோறுண்ணும்போது கவனித்துப் பார்த்தல் நன்று.