மாரிக்கு முன் வீட்டு வளவு



குளிர்நாடுகளிலே பனிக்காலம் நெருங்கும்போது, வீட்டுத் தோட்டம் உடையோர் உதிர்ந்த இலைகளைச் செடிகளின் அடியிற் பரப்பி, வேர்களைக் குளிரினின்றும் காப்பர். நமது கரையோரத்தில் உறைபனி இல்லை. ஆயினும், வளவைச் செம்மைப்படுத்தி நாம் எதிர்நோக்கவேண்டிய பருவம் ஒன்று உண்டு. அதுவே மாரி.

புத்தளம் மாவட்டத்தில், மதுரங்குளியை அடுத்துள்ள கனமூலையை எடுத்துக்கொள்வோம். மணலும் தென்னையுமாக அமைந்த கரையோரப் பகுதி அது. வைகாசி தொடக்கம் ஆவணி வரை சோளகக் காற்று வீசும். அக்காலத்தில் மலைநாட்டின் மேற்குச் சாரலிற் பெருமழை பொழிந்தாலும், இப்பக்கத்துக்குக் கிடைப்பது மிகச் சொற்பமே. சித்திரையில் ஓரளவு மழை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேதான் வானம் நன்றாக இரங்குகின்றது. ஆண்டு முழுவதும் கிணற்றில் அள்ளும் நீருக்கு அம்மழையே முதல்.

மணலினூடே இறங்கும் மழைநீர், ஆழத்திலுள்ள உப்புநீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கின்றது. நன்னீர் பாரம் குறைந்ததாதலே இதற்குக் காரணம். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் ஆராய்வோர் கணக்கு. மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உவர் ஏறிவிடும். ஆதலால், வளவில் விழும் மழையை வீணாக்குதல் அடுத்த கோடைக்குரிய குடிநீரை வீணாக்குதலாகும்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கின்றது: நீர் மண்ணுக்குள்ளே தங்கவேண்டும்; மண்ணுக்கு மேலே தங்கலாகாது. இவ்விதியின் இரு பாதிகளையும் விளக்க ஒரு தேங்காய் போதும். அதன் பொச்சுமட்டை மண்ணுக்குள்ளே போகவேண்டியது. அதன் சிரட்டையோ வளவிற் கிடக்கவே கூடாதது.

புரட்டாசியில் முற்றத்தைப் பெருக்கி, சருகையும் பொச்சுமட்டையையும் குவித்துத் தீயிடுவது நம்மிற் பலருக்கு வழக்கம். அதனைத் துப்புரவு என்று எண்ணுகிறோம். ஆனால் நாம் எரிப்பது நீரைத் தாங்கும் பொருளை அல்லவா? பொச்சுமட்டையிலுள்ள தும்பும் தும்புத்தூளும் தம் நிறையினும் பன்மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வன. இதே மாவட்டத்தில் லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவகம், பொச்சுமட்டைகளை மண்ணிற் புதைக்குமாறு விதந்துரைத்துள்ளது. 1929ஆம் ஆண்டிலே தொடங்கிய ஆராய்ச்சித் திட்டத்தின் வழிவந்தது அந்நிறுவகம். தென்னைகளுக்கு இடையே குழி வெட்டி, மட்டையின் குழிந்த பக்கம் மேல்நோக்க அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு மண்ணிட்டு மூடுக. மழைக்கு முன் இதனைச் செய்தால் பயன் பல ஆண்டுகளுக்கு நிற்கும். மரத்தடியைச் சுற்றி ஏறத்தாழ 6 அடி தூரம்வரை சருகையும் ஓலையையும் பரப்பிவிடுக.

பசளையை மட்டும் மழைக்கு முன்னரே கொட்டிவிடலாகாது. மணல், பசளைச் சத்தைப் பிடித்துவைக்கும் வலிமை அற்றது. கடும்மழை அதனை வேருக்குக் கீழே கழுவிச் சென்றுவிடும். கிணற்று நீரிலும் அது கலக்கும். முதல் மழையில் நிலம் ஈரமான பின்னர், சிறிது சிறிதாகப் பிரித்து இடுவதே முறை. முருங்கைக் கொம்பையும் மரவள்ளித் தடியையும் நடுவதற்கும் அதுவே ஏற்ற தருணம்.

இனிச் சிரட்டைக்கு வருவோம். டெங்கு நோயைப் பரப்பும் நுளம்பு, சிரட்டை, தகரப்பேணி, தயிர்ச்சட்டி, பழைய டயர், கூரைப் பீலி ஆகியவற்றிலே தேங்கும் சிறிதளவு நீரிலும் பெருகும். அதன் முட்டைகள் காய்ந்த நிலையிற் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மழைநீர் பட்டதும் பொரித்துவிடும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரமளவே போதும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். ஆகவே சிரட்டைகளை மழைக்கு முன்னரே அடுப்புக்கென நனையாத இடத்தில் அடுக்கிவிடுக. நீர் தேங்கும் மற்றவற்றை அகற்றுக, பீலியைத் துப்புரவாக்குக. மழை தொடங்கிய பின் வாரம் ஒருமுறை வளவைச் சுற்றிவருக.

கிணற்றையும் மறத்தலாகாது. வெள்ளம் உள்ளே வழியாதவாறு கிணற்றுக்கட்டை உயர்த்தி, வெடிப்புகளைச் சாந்திட்டு அடைக்கவேண்டும். வெள்ளநீர் புகுந்துவிட்டால், கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டுச் சுத்திகரிக்கும்வரை, நீரைக் கொதிக்கவைத்தே பருகுக. கூரையின் மேலே தொங்கும் காய்ந்த ஓலைகளை இறக்குக. உக்கிய தென்னங்குற்றிகளை அகற்றுக. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அவற்றிலேதான்.

இவற்றுக்குப் பெரும் பணச்செலவு இல்லை. ஒரு மண்வெட்டியும், வீட்டார் இரண்டொரு நாள் ஒருங்கு கூடிச் செய்யும் உழைப்பும் போதும். இம்முறை முற்றத்தைப் பெருக்கிய பின், நெருப்புப் பெட்டியை எடுக்குமுன், அடுத்த ஆவணியிற் கிணற்றில் எத்தனை அடி நீர் நிற்கவேண்டும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.