மின்னலுக்குப் பின் விழிக்காத கணினி

மேற்குத் தொடர்ச்சி மலையின் இருமருங்கிலும் வாழ்வோர்க்கு ஐப்பசி என்றால் மழை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை என வழங்கும் அம்மழையைக் கேரளத்தார் துலாவர்ஷம் என்பர். நம் ஐப்பசியே அவர்களது துலாம் மாதம். இடி, மின்னல் என்னும் இரு சொற்கள் மட்டும் மலை கடந்தும் மாறுவதில்லை. தமிழிலும் மலையாளத்திலும் அவை ஒன்றே. தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களில் தேயிலையும் ஏலமும் விளையும் தோட்டங்களில் காலையில் வெயில் காயும். பிற்பகலில் முகில் திரளும். மாலைக்குள் மலை அதிரும். மறுநாள் காலை, லயங்களில் ஏதேனும் ஒரு வீட்டில் கணினி விழிக்காது.

கேரளத்தில் இடிமழை மிகுதியாகப் பெய்யும் காலங்கள் இரண்டு. ஒன்று ஏப்ரல், மே மாதங்கள். மற்றொன்று அக்டோபர், நவம்பர் மாதங்கள். அரபிக்கடலின் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலெழுந்து குளிர்வதால் இடிமுகில்கள் உருவாகின்றன. மின்னல் வீட்டின்மேல் நேரே விழுந்தால்தான் கணினி பழுதாகும் எனப் பலர் கருதுவர். அது சரியன்று. மின்கம்பிக்கு அருகில் எங்கோ விழும் மின்னலும் அக்கம்பியில் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் பேரளவு மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். 230 வோல்ட்டுக்கென அமைந்த கருவி அதனைத் தாங்காது. மின்கம்பி ஒன்றே வழியன்று. தொலைபேசிக் கம்பி, கேபிள் தொலைக்காட்சிக் கம்பி ஆகியவற்றின் வழியாகவும் அது வீட்டினுள் நுழையும். கண்ணாடி இழைவழி வரும் இணையம் மின்னலைக் கடத்தாது. ஆயினும் அதன் சிறு பெட்டிக்கு மின்சாரம் தரும் அடாப்டர் கடத்தும்.

இடிமழைக் காலத்தில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை விழிப்புடன் இருக்குமாறு கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆண்டுதோறும் அறிவுறுத்துகின்றது. முகில் திரளும்போதே கருவிகளின் பிளக்கைக் கழற்றிவிடுதல் நன்று. சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்சின் உள்ளே இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர் மட்டுமே. வானத்திலிருந்து மண்வரை பாய்ந்த மின்னலுக்கு அது ஒரு தடையாகுமா? இடி முழங்கத் தொடங்கிய பின்னர்ப் பிளக்கைத் தொடுதலும் தீது.

எர்த் எனப்படும் நிலத்தொடர்பும் இங்கு எண்ணத்தக்கது. மூன்று துளைப் பிளக்கின் பெரிய துளை இதற்காகவே உள்ளது. மிகுதியான மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குவது அதன் பணி. ஆனால் மண் ஈரமாக இருந்தாலன்றி மின்சாரம் எளிதில் இறங்காது. இடுக்கியில் பல வீடுகள் பாறைமேல் நிற்கின்றன. பாலக்காட்டிலோ, கணவாய் வழியாக வீசும் காற்றும் மார்ச், ஏப்ரல் மாத வெயிலும் சித்தூர், கோழிஞ்சாம்பாறைப் பகுதி மண்ணை உலர்த்திவிடுகின்றன. எனவேதான் எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றும் வழக்கம் தோன்றியது. பெரியவர்கள் அக்குழியில் நீர் ஊற்றுவதைக் கண்டு, செடி ஏதும் இல்லாத இடத்தில் ஏன் ஊற்றுகின்றனர் என வியந்த பிள்ளைகள் பலர்.

விழிக்காத கணினி முழுவதும் கெட்டுவிட்டது என உடனே முடிவு செய்தல் கூடாது. பழுது பார்ப்போர் வெளியிலிருந்து உள்ளே செல்வர். மின்செருகியில் வேறொரு விளக்கை எரித்துப் பார்ப்பர். கம்பியை மாற்றிப் பார்ப்பர். யுபிஎஸ் பெட்டியை விலக்கிவிட்டு நேராகக் கணினியை இணைத்துப் பார்ப்பர். யுபிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஈயமின்கலம் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழக்கும். குற்றம் அதனிடம் இருக்க, கணினி பழி சுமப்பது உண்டு. இவற்றுக்குப் பின்னரும் விசிறி சுழலவில்லையெனில் ஐயம் மின்வழங்கியின்மேல் செல்லும். கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என அழைக்கும் இப்பெட்டி, 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. மின்னலின் அடியை முதலில் வாங்குவது இதுவே. பல வேளைகளில் தான் கெட்டுப் பிற உறுப்புகளைக் காப்பதும் இதுவே. இதனைப் புதிதாக மாற்றுதல் எளிது. பழையதைப் பிரித்துப் பார்த்தல் மட்டும் எவர்க்கும் ஆகாது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் இதனுள் உள்ள மின்தேக்கி 300 வோல்ட் அளவு மின்னழுத்தத்தைச் சிறிது நேரம் தேக்கி வைத்திருக்கும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டே இருந்தால், அடிக்கடி காணப்படும் காரணம் ரேம் எனப்படும் நினைவகப் பட்டை. சில கணினிகள் பீப் பீப் என ஒலி எழுப்பி இதனைத் தாமே தெரிவிக்கும். மின்இணைப்பை முற்றிலும் நீக்கிவிட்டு, பெரியவர் ஒருவர் உடனிருக்க, அப்பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்து மீண்டும் பொருத்தினால் கணினி விழித்துக்கொள்வதுண்டு. இம்முறை இடுக்கியில் அடிக்கடி பலிக்கும். மாதக்கணக்கில் மூடுபனியும் சாரலும் சூழ்ந்திருக்கும் மலையில் அம்முனைகளின்மேல் ஈரமும் அழுக்கும் படிவதே அதற்குக் காரணம். பாலக்காட்டின் எதிரி புழுதி. விசிறியின் இதழ்களிலும் வெப்பம் நீக்கும் உலோகத் தகடுகளிலும் அது அடைந்துகொள்ள, கணினி சூடேறித் தானே அணைந்துவிடும். வறண்ட காலத்தில் உடலில் நிலைமின்சாரம் சேரும். ஆகவே உறுப்புகளைத் தொடுமுன் உலோகப் பெட்டியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

நகைப்புக்குரிய பழுது ஒன்றும் உண்டு. கணினி விழிக்கும், ஆனால் நாள், பல ஆண்டுகளுக்கு முந்தியதாகக் காட்டும். இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றுகள் குறித்த காலத்திற்கே செல்லும் ஆதலால், தவறான நாளைக் காட்டும் கணினிக்கு அவையெல்லாம் செல்லாதவையாகத் தோன்றும். காரணம், தாய்ப்பலகையில் பதிந்துள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம். சிஆர் 2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் உடையது என்பதை அவ்வெண்ணே சொல்லிவிடுகிறது. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். இச்சிறு மின்கலத்தை மாற்றத் தெரியாமல் புதிய கணினி வாங்கிய வீடுகளும் இருக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் வருத்தம் தருவது வன்தட்டின் பழுது. 1956ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் உருவாக்கிய முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து தாங்கியது ஏறத்தாழ 5 மெகாபைட்; இன்று கைபேசியில் எடுக்கும் ஓரிரு படங்களே அதனை நிரப்பிவிடும். இக்கால வன்தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதன் மேற்பரப்பைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கிறது. டிக் டிக் என்னும் ஒலி எழுந்தால் அம்முனை தடுமாறுகின்றது என்று பொருள். அப்போதே கணினியை அணைத்தல் வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தால் மீட்கக்கூடியதும் அழிந்துபோகும். எஸ்எஸ்டி என்னும் சுழலாத சேமிப்பகம் விரைவானது, அதிர்ச்சியைத் தாங்குவது. ஆனால் ஒலி எழுப்பி எச்சரிக்காமல் ஒரே நாளில் அடங்கிவிடும்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளம் கண்ட பெருவெள்ளத்தின்போது, 26 ஆண்டுகளுக்குப் பின் செறுதோணி அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. மூணாற்றில் முதிரப்புழை கரைகடந்து தாழ்வான தெருக்களில் புகுந்தது. மாநிலமெங்கும் வீடுகளில் நீர் வடிந்தபோது சேற்றில் கிடந்த பொருள்களுள் கணினிகளும் இருந்தன. நனைந்த கணினியை வெயிலில் வைத்து உடனே இயக்கிப் பார்ப்பது இயல்பாக எழும் ஆவல். ஆனால் உள்ளே ஒரு துளி ஈரமிருந்தாலும் மின்சாரம் பாய்ந்தவுடன் தாய்ப்பலகை கருகும். சேறு புகுந்த வன்தட்டை வீட்டில் எவ்வகையிலும் இயக்கலாகாது. வெள்ளத்தில் குடும்ப அட்டையையும் பள்ளிச் சான்றிதழையும் இழந்தோர்க்கு அரசு முகாம்கள் நடத்தி அவற்றை மீண்டும் வழங்கியது. சான்றிதழுக்கு அலுவலகத்தில் மற்றொரு படி இருந்தது. பாட்டனார் பாட்டியாரின் ஒளிப்படத்திற்கு எந்த அலுவலகத்தில் படி இருக்கும்? ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்குச் சொந்த ஊரின் திருவிழாவும் திருமணமும் மறைந்தோர் முகமும் பல வேளைகளில் அந்த ஒரு வன்தட்டிலேயே இருக்கின்றன. இணையச் சேமிப்பில் ஒரு படி, மற்றொரு வெளிவன்தட்டில் ஒரு படி என இரண்டு இருப்பின் அச்சமில்லை. வெளிவன்தட்டை எப்போதும் கணினியுடனேயே செருகி வைத்தால், ஒரே மின்னல் இரண்டையும் கொண்டுபோகும்.

பழுதைச் சரிசெய்வதா, புதிது வாங்குவதா என்னும் கேள்வி 2020இல் பல வீடுகளில் கடுமையாக எழுந்தது. அவ்வாண்டு ஜூன் 1ஆம் நாள், பெருந்தொற்றால் மூடிய பள்ளிகளுக்கு மாற்றாக, கைட் நிறுவனம் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் முதல்மணி என்னும் பொருளில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ்வழி மாணவர்க்கும் தனியே பாடங்கள் உருவாயின. அந்நாள்களில் கணினியோ கைபேசியோ கெட்டால் வகுப்பே நின்றது.

பழைய கணினிக்கு உறுப்பு தேடுதல் எளிதன்று. டிடிஆர்3 வகை ரேம், டிடிஆர்4 பலகையில் பொருந்தாது. தவறிப் பொருத்தாதிருக்கவே அவற்றின் வெட்டுகள் வேறு வேறு இடங்களில் அமைந்துள்ளன. தாய்ப்பலகை பழுதானால், அக்கால வகை இப்போது வருவதில்லை என்று கடைக்காரர் கைவிரிப்பார். பொதுவாக, மின்வழங்கி, ரேம், வன்தட்டு ஆகியவை கெட்டால் மாற்றுதல் தகும். பல ஆண்டுகள் உழைத்த கணினியில் தாய்ப்பலகையே கெட்டால் புதிது வாங்குதல் தகும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் நல்ல கணினியைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. கேரளப் பள்ளிகள் பல்லாண்டுகளாகக் குனு லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தையே பயன்படுத்துகின்றன. பழைய கணினியில் ஓர் எஸ்எஸ்டியைப் பொருத்தி அதனை நிறுவினால், அது இன்னும் சில ஆண்டுகள் நடை போடும்.

எல்லையோரத்தார் உறுப்பு வாங்க மாநிலம் கடப்பர். வாளையாற்றார்க்குக் கோயம்புத்தூர்க் காந்திபுரமும், குமுளியார்க்குக் கம்பமும், மூணாற்றார்க்கு உடுமலையும் போடியும் பழகிய ஊர்கள். எங்கு வாங்கினும் பில் கேட்டுப் பெறுதல் வேண்டும். அதன்றி வாரண்டி கோர இயலாது. கோரியும் மறுக்கப்பட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. மின்னலால் நேர்ந்த சேதத்தை வாரண்டி பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

உறுப்பின் விலை எங்கோ தொலைவில் முடிவாவதும் உண்டு. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து வன்தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகெங்கும் வன்தட்டு விலை ஏறியது. இதற்கு மாறாக, அருகிலேயே பிறக்கும் கணினிகளும் உள்ளன. 1948இல் பெங்களூரில் தொடங்கிய ஐடிஐ என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் உள்ளது. முன்னர்த் தொலைபேசி இணைப்பகக் கருவிகள் செய்த அங்கு இப்போது ஸ்மாஷ் என்னும் பெயரில் கணினிகள் உருவாகின்றன. 2023இல் கேரளப் பள்ளிகளுக்கு 9,000 மடிக்கணினிகள் வழங்கும் ஒப்பந்தம் அந்நிறுவனத்திற்குக் கிடைத்தது.

பயனற்ற பெட்டியைக் குப்பையில் எறிதல் குற்றம். ஈயமும் பாதரசமும் போன்ற நச்சுப் பொருள்கள் மின்கழிவில் உண்டு. தோட்டத்துச் சரிவில் எறிந்தால் மழைநீர் அவற்றை ஓடைக்குக் கொண்டுசெல்லும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளின்படி அதனைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. கேரளத்தில் வீடுதோறும் வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடமும் கேட்டுக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் வன்தட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். மின்னல் மின்வழங்கியையும் தாய்ப்பலகையையும் கருக்கிய பின்னும் வன்தட்டு பிழைத்திருப்பது அரிதன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உறையில் அதனை இட்டு, வேறொரு கணினியின் யுஎஸ்பி துளையில் செருகினால் போதும். சிறிது நேரத்தில் ஊர்த் திருவிழாப் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விரியும்.