பழைய மாடல் இன்ஜின் பார்ட்ஸ் உங்க லாரிக்குச் சேருமா? வாங்கும் முன் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

லாரி இன்ஜின் பழுதாகி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. புது பார்ட்ஸ் விலை கையைக் கடிக்கிறது. “அதே கம்பெனி, அதே இன்ஜின்தான், ரெண்டு வருஷம் பழைய மாடல். பாதி விலைக்குக் கிடைக்கும், போட்டுரலாமா?” என்று மெக்கானிக் கேட்கிறார். வண்டி ஓடினால்தான் இந்த மாதத் தவணை கட்ட முடியும். உடனே சரின்னு சொல்லத் தோன்றும். அதற்கு முன் பார்ட் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

மாடல் வருஷம் ஏன் முக்கியம்?

நாடு முழுக்க 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒவ்வொரு முறையும் இன்ஜினின் உள்ளே நிறைய மாறியது. வெளியில் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். போல்ட் துளைகூட ஒத்துப்போகும். ஆனால் மாட்ட முடிகிற பார்ட் எல்லாம் சரியான பார்ட் ஆகிவிடாது.

எதை மாற்றலாம், எதில் கவனம்?

ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர், வாட்டர் பம்ப் போன்றவை பார்ட் நம்பர் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை தராது. வோல்ட், கனெக்டர், புல்லி அளவு ஆகியவற்றை மட்டும் சரிபாருங்க.

பிஸ்டன் அப்படி இல்லை. அதன் தலையில் உள்ள குழியின் வடிவமும் இன்ஜெக்டர் டீசலைத் தெளிக்கும் கோணமும் ஜோடி. ஒன்றை மட்டும் வேறு மாடலில் இருந்து எடுத்துப் போட்டால் டீசல் சரியாக எரியாது. கரும்புகை வரும், மைலேஜ் குறையும், கடைசியில் பிஸ்டனே உருகலாம். ஹெட் கேஸ்கெட்டின் தடிமனும் மாடலுக்கு மாடல் மாறக்கூடும்.

காமன் ரெயில் இன்ஜினில் டீசல் அளவை முடிவு செய்வது இ.சி.யு. எனும் கணினிப் பெட்டி. பல இன்ஜெக்டர்களின் மேல் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். அதை ஸ்கேனர் மூலம் இ.சி.யு.வில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் ஐடிலிங்கில் வண்டி உதறும்.

பி.எஸ். 6 லாரியில் புகைக்குழாய் பக்கம் டி.பி.எஃப். வடிகட்டியும் யூரியா திரவம் தெளிக்கும் அமைப்பும் உண்டு. பழைய மாடல் பார்ட் போட்டுப் புகை அதிகமானால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், இ.சி.யு. தானாகவே பவரைக் குறைத்துவிடும். “அதையெல்லாம் கட் பண்ணிடலாம்”னு யாராவது சொன்னா கேட்காதீங்க. அது சட்டவிரோதம்.

பிளாக் மாறினால் ஆர்.சி.யும் மாற வேண்டும்

இன்ஜின் நம்பர் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில். ஹெட், கிராங்க், லைனர் மாற்றினால் அந்த நம்பர் மாறாது. ஹாஃப் இன்ஜினோ முழு இன்ஜினோ மாற்றினால் நம்பரும் மாறிவிடும். அப்போது ஆர்.சி.யில் ஒரு நம்பர், வண்டியில் வேறு நம்பர். எஃப்.சி.க்குப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளைமிலும் சிக்கல் வரும். வாங்கிய இன்ஜின் திருட்டு வண்டியுடையது என்றால் போலீஸ் விசாரணை வரை போகும்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி இப்படிப்பட்ட மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் முன் அனுமதி தேவை. மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து, கட்டணம் செலுத்தி, ஆர்.சி.யில் பதிய வேண்டும். சட்டம் அனுமதிக்காத மாற்றத்துக்குப் பிரிவு 182ஏ-ன்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். பி.எஸ். 6 வண்டியில் பி.எஸ். 4 இன்ஜினை மாட்டிவிட்டு அனுமதி கேட்கலாம் என்று நினைக்காதீங்க.

போனிலேயே செய்யக்கூடியவை

* எம்-பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டுப் பதிவு விவரங்களைப் பாருங்க. பி.எஸ். எத்தனை என்பதை ஆர்.சி.யிலும் உறுதி செய்யுங்க.
* கழற்றிய பார்ட், வாங்கப்போகும் பார்ட் இரண்டின் நம்பரையும் போட்டோ எடுத்து, கம்பெனி டீலரிடம் அனுப்பிக் கேளுங்க. புது நம்பர் பழைய நம்பருக்கு மாற்றாக வந்ததா என்பதை அவர்கள் பட்டியலைப் பார்த்துச் சொல்வார்கள்.
* பழைய இன்ஜின் வாங்கினால் அது எந்த வண்டியுடையது என்று கேட்டு, அந்த வண்டியின் ஆர்.சி. நகலையும் இன்ஜின் நம்பர் எழுதிய பில்லையும் வாங்கி வையுங்க. பில் இல்லை என்றால் அந்த இன்ஜின் வேண்டாம்.
* இன்ஜின் மாற்றத்துக்கு பரிவாகன் இணையதளத்தின் வாகனச் சேவைகள் பகுதியைப் பாருங்க. சந்தேகம் இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்க.
* வண்டி மேல் கடன் இருந்தால், முதலில் ஃபைனான்ஸ் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்குங்க. மாற்றிய பிறகு இன்சூரன்ஸ் பாலிசியிலும் புது நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்க.

இதற்கெல்லாம் சில நாட்கள் ஆகலாம், வண்டி நிற்கும் நாள் நஷ்டம்தான். ஆனால் பொருந்தாத பார்ட்டால் இன்ஜினை இரண்டாவது முறை பிரிப்பதும், விபத்துக்குப் பிறகு கிளைமுக்காக அலைவதும் அதைவிடப் பெரிய நஷ்டம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த இரண்டு நம்பரையும் சரிபாருங்க.