தொண்டர் என்றால் ஊசி குத்தாதா?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிறது கிளியனூர். பேருந்தில் போகிறவர் கண்ணுக்கு வயல் தெரியும், கடைத்தெரு தெரியும். தோளில் பையோடு வீடு வீடாக ஏறி இறங்கும் பெண் தெரிவதில்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இப்படிப்பட்ட பெண்களை ஏழையின் வாசலுக்கு அனுப்பிற்று. மூதாட்டியின் விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சர்க்கரை அளவு சொல்கிறாள் அவள். நல்ல வேலை, நாடு போற்றும் வேலை!

ஆனால் தோழர்களே, அந்த ஒரு சொட்டிலே இருப்பது சர்க்கரை மட்டுந்தானா?

ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கலாம். காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் உயிர் வாழும் கிருமி அது. நோயாளியைக் குத்திய ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்திவிட்டால், நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை நோய் பற்றலாம் என்பது மருத்துவர் கணக்கு. ஹெச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு மூவர். விரல் குத்தும் சிற்றூசியில் ஆபத்து குறைவுதான்; ஆனால் படுக்கையில் கிடப்போருக்குப் புண் கட்டி, ஊசி போடும் செவிலியருக்கு?

மருத்துவமனையிலே பெட்டி உண்டு, விளக்கு உண்டு, உதவிக்கு ஆள் உண்டு. குடிசையிலே? இருண்ட திண்ணையும், காலைச் சுற்றும் குழந்தையுந்தான் உண்டு!

மருத்துவக் கழிவைக் கையாளும் பணியாளர்க்கெல்லாம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடவேண்டும், ஊசிகளைத் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் சேர்க்கவேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டு விதிகள். குத்திய ஊசியைச் சுமக்கும் இந்தப் பெண்ணுக்குப் பெயர் ‘தன்னார்வலர்’. தொண்டர் என்று பெயர் சூட்டினால் ஊசி குத்தாமல் விட்டுவிடுமா? கிருமி பதவிப் பெயரைப் படித்துப் பார்த்தா உடலில் நுழைகிறது?

கேட்பது கோட்டையல்ல. இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று தடுப்பூசி, கையுறை, ஊசிப் பெட்டி. இவ்வளவே! குத்திவிட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் இரண்டு மணிக்குள் என்றால் மிக நன்று. இதை ஒவ்வொருவருக்கும் சொல்லித்தர வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. வீட்டில் இன்சுலின் போட்ட ஊசியைக் குப்பையில் வீசாதீர்! கெட்டியான டப்பாவில் மூடித் தனியே கொடுங்கள். அந்தக் குப்பையை அள்ளும் கையும் ஒரு தொழிலாளியின் கைதான்.

நம் வாசலுக்கு நலம் சுமந்து வருகிறவள், தன் வீட்டுக்கு நோய் சுமந்து போகலாமா?