ஒட்டுக் கேமராவும் 46 ஆண்டுகளும்

பென்னாகரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார்: ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தே காலம் தள்ள ஆசை, எந்தக் கேமரா வாங்கலாம்? மெகாபிக்சல் கணக்கெல்லாம் அவருக்கே தெரிந்திருக்கும். நான் அவருக்குக் காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணனை அறிமுகம் செய்கிறேன்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன்; 1912-இல் பிறந்தவர். சண்டூர் சமஸ்தானத்தில் பல வேலைகள் பார்த்துவிட்டுச் சென்னை திரும்பி, எழுத்தையும் படத்தையும் நம்பி வாழ்ந்தார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950-இல் தொடங்கிய அவரது இயற்கைப் பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் மறையும் வரை வந்துகொண்டிருந்தது.

அவருடைய கேமராவின் பெயர் சூப்பர் பாண்டரோசா. எந்தக் கடையிலும் கிடைக்காது. உடல் ஒரு கம்பெனி, தொலைவு லென்ஸ் வேறு கம்பெனி, அவரே பொருத்திக்கொண்டது. எங்கள் கிணற்றில் மோட்டார் ஒரு கம்பெனி, பம்பு ஒரு கம்பெனி. இரண்டின் தண்டும் நேராக நின்றால்தான் தண்ணீர் ஏறும். கேமராவிலும் அதே கறார்தான். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள இடைவெளி மயிரிழை பிசகினால் தூரத்து யானை மங்கிப்போகும். இணைப்பில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் வெளிச்சம் புகுந்து ஃபிலிமே பாழ்.

அந்தக் கனத்த கருவியோடு, பழக்கிய யானைமேல் அமர்ந்து காட்டு யானைகளை நெருங்குவார். நடந்து போகிற மனிதனைக் கண்டால் மிரளும் கூட்டம், யானைமேல் வருபவனை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். கண்டதைக் குறித்தும் வைத்தார். அதனால்தான் 1959 முதல் 1970 வரையிலான நம் நாட்டுக் காட்டுயிர்களின் நிலை பற்றி அவரால் ஒரு நூலே எழுத முடிந்தது.

நாமோ ஒகேனக்கல் சாலையில் யானை நின்றால் செல்போனோடு கிட்டே ஓடுகிறோம். அது யானைக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. எடுத்த படத்திலும் இடம் இல்லை, தேதி இல்லை. அடுத்த வருஷம் அது யாருக்கும் உதவாது.

தம்பி, கையில் இருக்கிற கேமராவே போதும். நம் மாவட்டத்து நடுகற்களை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் வெறும் கல்லாகத் தெரிவதில், காலைச் சாய்வெயில் பட்டதும் வீரனின் வில்லும் வட்டெழுத்தும் துலங்கும். எங்கே, எப்போது, யார் நிலத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வையுங்கள். பத்து வருஷம் விடாமல் செய்யுங்கள். காசு மெதுவாகத்தான் வரும். ஆனால் அந்தக் கற்களைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால், உங்களைத்தான் தேடி வருவார்கள்.