உங்களுக்குத் தெரியுமா? ஆபத்து நேரத்தில் காலுக்குக் காவல்

அவசரகாலப் பை என்றதும் டார்ச், மருந்து, பிஸ்கட், ஆதார் நகல் என்று பட்டியல் போடுகிறோம். காலில் எதைப் போட்டுக்கொண்டு கிளம்புவது என்பதை மட்டும் எழுத மறந்துவிடுகிறோம். பேருந்தும் வண்டியும் ஓடாத நாளில் நம்மைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் பாதங்கள்தான். அதற்கு விலை உயர்ந்த பூட்ஸ் வேண்டாம். காலுக்குப் பொருந்திய, போட்டுப் பழகிய, கைக்கெட்டும் இடத்தில் இருக்கிற ஒரு ஜோடி போதும்.

கட்டிலுக்கு அருகில் ஒரு ஜோடி
1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரைப் பூகம்பம் உலுக்கியபோது அதிகாலை மணி 5.46. ஊரே படுக்கையில் இருந்தது. ஜன்னல் கண்ணாடியும் பீங்கான் துண்டுகளும் சிதறிக் கிடந்த தரையில், இருட்டில் வெறுங்காலோடு இறங்கிப் பலர் பாதங்களைக் கிழித்துக்கொண்டார்கள். தடித்த சோல் உள்ள செருப்போ ஷூவோ படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்பது இன்று ஜப்பானியக் குடும்பங்களுக்குச் சொல்லப்படும் அடிப்படைப் பாடம்.

பையில் போட்டுக் கட்டிவையுங்கள்
பூகம்ப பயம் உள்ள கலிஃபோர்னியாவில் ஒரு படி மேலே போய், ஷூவையும் டார்ச்சையும் ஒரு பையில் போட்டுக் கட்டில் காலோடு கட்டச் சொல்கிறார்கள். தரை குலுங்கும்போது ஷூ அறையின் மறுகோடிக்கு ஓடிவிடாது. உடையும் கண்ணாடியின் சில்லுகள் அதற்குள் விழவும் செய்யாது. பழைய துணிப்பை ஒன்றே இதற்குப் போதும்.

அலுவலக மேசைக்கடியிலும் ஒன்று
2011 மார்ச் 11 பெரும் பூகம்பத்தன்று டோக்கியோவில் ரயில்கள் நின்றுபோயின. தலைநகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அன்று வீடு திரும்ப முடியாமல் தவித்தவர்கள் சுமார் 51 லட்சம் பேர் என்று அந்நாட்டு அரசு கணக்கிட்டது. பலர் அலுவலக உடுப்போடு பல மணி நேரம் நடந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சாலைகள் மூழ்கி, பலர் நடந்தே வீடு சேர்ந்தார்கள். வேலைக்குக் குதிகால் உயர்ந்த செருப்போ வழுவழுப்பான தோல் ஷூவோ போட்டுப் போகிறவர்கள், நடக்கத் தோதான ஒரு ஜோடியை அலுவலகத்திலேயே வைத்திருப்பது நல்லது.

மாலையில் வாங்குங்கள்
நாள் முழுக்க நின்று நடந்த பாதம் மாலைக்குள் சற்று வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருந்த ஷூ மாலையில் கடிக்கும். அதனால் மாலையில் கடைக்குப் போய், போடப்போகிற அதே சாக்ஸோடு இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலோருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய பாதத்தின் அளவுக்கே வாங்குங்கள்.

நம் பாதம் அகலம்
சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம் என்று தெரிந்தது. ‘பா’ என்ற பெயரில் நமக்கென்று தனி அளவுமுறை உருவானதும் அதன் பிறகுதான். அகலம் போதாதபோது நீளம் கூடிய ஷூவை வாங்கிச் சமாளிப்பது நம் வழக்கம். அப்படி வாங்கினால் குதிகால் உள்ளே வழுக்கிக் கொப்புளம் வரும். வாங்குமுன் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நின்று பாருங்கள். பாதம் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு ஆகாது.

மூன்று அளவுகள்
ஷூ கடைகளில் இருக்கும் உலோக அளவுகோலை 1920களில் வடிவமைத்தவர் அமெரிக்காவின் சார்லஸ் பிரானக். அது நீளம், அகலம் இரண்டோடு மூன்றாவதாக, குதிகாலிலிருந்து கட்டைவிரலின் அடிமூட்டு வரை உள்ள தூரத்தையும் அளக்கும். ஷூ மடங்கும் இடமும் உங்கள் விரல்கள் மடங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு அடியிலும் ஷூவும் பாதமும் மல்லுக்கட்டும்.

சரிவில் இறங்கிப் பாருங்கள்
கடையின் சமதளத்தில் நாலு அடி நடந்தால் எல்லா ஷூவும் சுகமாகத்தான் இருக்கும். சாய்தளத்திலோ படியிலோ இறங்கிப் பாருங்கள். விரல்நுனி முன்பக்கம் இடித்தால், நீண்ட நடையில் நகம் கறுத்து வலிக்கும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருப்பது சரியான அளவு.

காலில் ஏறும் எடை
முதுகில் சுமக்கும் எடையைவிட, அதே எடை காலில் இருந்தால் நடப்பதற்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு சக்தி கூடுதலாகச் செலவாகிறது என்று ராணுவத்துக்காக நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. கனமான பூட்ஸ்தான் உறுதி என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம். இரண்டு ஜோடி ஒரே அளவு உழைக்கும் என்றால், இலேசானதை எடுங்கள்.

பத்திரமாக வைத்த பூட்ஸ் ஏன் பொடிகிறது?
புத்தம் புதுசாகப் பெட்டியில் வைத்திருந்த ஷூவை ஐந்தாறு ஆண்டு கழித்துப் போட்டதும் சோல் பிஸ்கட்போல உதிர்ந்துபோவதைப் பலர் பார்த்திருப்பார்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம். பல ஷூக்களின் நடுச் சோல் பாலியூரிதேன் என்ற நுரைப்பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. அணியாமல் வைத்தாலும் இது நடக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக நடக்கும். ஈரத்தை உள்ளே அடைத்து மூடிய பிளாஸ்டிக் பை இதற்குப் பாதுகாப்பு ஆகாது. அடிக்கடி போட்டு நடப்பதே நல்லது என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஆபத்துக்கென்று எடுத்துவைப்பதாக இருந்தால் ரப்பர் அடிச்சோலும் ஈ.வி.ஏ. என்ற வேறு வகை நுரையாலான நடுச்சோலும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அவை ஈரத்தால் இப்படிச் சிதைவதில்லை. வீட்டில் இருப்பதை இன்றே எடுத்து, சோலைக் கட்டைவிரலால் அழுத்தி, வளைத்துப் பாருங்கள். பிசுபிசுப்போ மெல்லிய வெடிப்போ தெரிந்தால் அதை நம்பி வெளியே கிளம்பாதீர்கள்.

ஒட்டு விடும், தையல் தாங்கும்
வெள்ளத்தில் ஊறினால் முதலில் கைவிடுவது பசை. சோலும் மேல்பாகமும் சுற்றிலும் தைக்கப்பட்ட ஷூ அவ்வளவு எளிதில் வாய் பிளக்காது. ஒட்டு மட்டும் உள்ள ஷூவாக இருந்தால், தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஓரத்தில் ஒரு சுற்றுத் தையல் போட்டு வாங்குங்கள். சிறிய செலவில் ஆயுள் கூடும்.

ஆறு உயிர்கள் தந்த சோல்
1935இல் இத்தாலிய ஆல்ப்ஸின் பூன்டா ராசிகா சிகரத்தில் ஆறு மலையேறிகள் இறந்துபோனார்கள். பனியில் அவர்களைக் காக்க அன்றைய காலணிகளால் முடியவில்லை. அந்தத் துயரத்தை நேரில் கண்ட விட்டாலே பிரமானி, பிரெல்லி நிறுவனத்தின் துணையோடு 1937இல் ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் சோலை உருவாக்கினார். அவர் பெயரின் எழுத்துகளைச் சேர்த்ததுதான் ‘விப்ரம்’. 1954இல் கே2 சிகரத்தை முதன்முதலாகத் தொட்ட இத்தாலியக் குழுவின் காலில் இருந்தது அந்தச் சோல்தான்.

சேற்றுக்கு ஒன்று, டைல்ஸுக்கு வேறு
ஆழமான, இடைவெளி விட்ட பற்கள் சேற்றையும் சரிவையும் பிடிக்கும். ஈரமான டைல்ஸ் தரையில் அதே சோல் வழுக்கலாம். அங்கே உதவுவது மென்மையான ரப்பரும் நெருக்கமான நுண்கீறல்களும். அமெரிக்காவின் பால் ஸ்பெர்ரி, பனியில் வழுக்காமல் ஓடிய தன் நாயின் பாதத்தைப் பார்த்து, 1935இல் படகுக்கான ஷூவின் சோலில் இந்தக் கீறல்களைப் போட்டார். உங்கள் வீட்டிலிருந்து பத்திரமான இடத்துக்குப் போகும் வழி வயலா, படிக்கட்டா, தார்ச்சாலையா என்று பார்த்துச் சோலைத் தேர்ந்தெடுங்கள்.

ஆணியும் தனுர்வாதமும்
2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் நூறு பேருக்கு மேல் தனுர்வாதம் கண்டது. இடிபாடுகளில் பட்ட காயங்கள் கிருமிக்கு வழிவிட்டன. ஹவாய் செருப்பை ஆணி சுலபமாகத் துளைத்துவிடும். பாதுகாப்பு ஷூவுக்கான ஐ.எஸ்.ஓ. 20345 தரத்தில் எஸ்1பி, எஸ்3 என்ற குறி இருந்தால், சோலுக்குள் ஆணியைத் தடுக்கும் அடுக்கு உண்டு என்று பொருள். இந்தத் தரப்படி முன்பக்கக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். சுமார் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கொடுக்கும் அடி அது. இந்தியாவில் ஐ.எஸ். 15298 எண்ணையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்து வாங்குங்கள். ஷூ இருந்தாலும் தனுர்வாதத் தடுப்பூசியை விட்டுவிடக் கூடாது.

கம்பூட்ஸ் எதுவரை?
முழங்காலுக்குக் கீழே தேங்கி நிற்கும் நீருக்குக் கம்பூட்ஸ் அருமையான காவல். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் பரவிய எலிக்காய்ச்சலின் கிருமி, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே உடலுக்குள் போகக்கூடியது. ஆனால் நீர் பூட்ஸின் வாயைத் தாண்டினால் உள்ளே நிரம்பிக் காலை இழுக்கும். ஓடும் வெள்ளத்தில் இது ஆபத்து. அங்கே காலோடு இறுகக் கட்டிய, நீரை வடியவிடும் லேஸ் ஷூவே மேல். வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் அணிந்த காட்டு பூட்ஸில், நீர் வெளியேறவென்றே பக்கவாட்டில் துளைகள் இருந்தன.

ரப்பர் என்றால் ஷாக் அடிக்காதா?
இது உயிரைப் பறிக்கும் நம்பிக்கை. சாதாரணக் கம்பூட்ஸ் மின்காப்புக்காகச் சோதிக்கப்பட்டதல்ல. உள்ளே தண்ணீர் புகுந்தாலோ ஒரு கீறல் இருந்தாலோ அது காப்பாற்றாது. அறுந்த கம்பி கிடக்கும் நீரில் எந்தக் காலணியோடும் இறங்காதீர்கள்.

சாக்ஸ் மாற்றுவது சிகிச்சை
முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் நாள்கணக்கில் ஈரத்தில் நின்ற வீரர்களின் பாதங்கள் மரத்து, அழுகின. பிரிட்டிஷ் ராணுவம் வீரர்களைக் காலைத் துடைத்துத் திமிங்கல எண்ணெய் தேய்க்கவும், சாக்ஸை அடிக்கடி மாற்றவும் உத்தரவிட்டது. குளிர்நாட்டு நோய் என்று ஒதுக்க முடியாது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நாள் ஊறினாலும் உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கி, நடக்க முடியாத வலி வரும். நம் ஊர் சேற்றுப்புண் தனித் தொல்லை. பையில் மூன்று ஜோடி சாக்ஸ் இருக்கட்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கம்பளி அல்லது பாலியஸ்டர் கலந்தது நல்லது. இரவில் காலைத் துடைத்து உலரவிடுங்கள்.

கொப்புளத்துக்கு ஒரு காகித டேப்
பாலைவனங்களில் பல நாள் ஓடும் வீரர்களிடம் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், உரசும் இடத்தில் முன்கூட்டியே ஒட்டிய மலிவான காகித டேப் கொப்புளங்களைச் சுமார் 40 சதவீதம் குறைத்தது. மருந்துக்கடையில் ‘மைக்ரோபோர்’ என்று கேட்டால் கிடைப்பது அதுதான். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை. எரிச்சல் தொடங்கும்போதே நின்று ஒட்ட வேண்டும்.

நெருப்புக்கு நடுவில்
அமெரிக்கக் காட்டுத்தீ வீரர்களுக்கு 8 அங்குல உயரத் தோல் பூட்ஸும் உருகாத சோலும் கட்டாயம். நுரைச் சோலும் செயற்கைத் துணியும் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீ விபத்து நேரும் இடங்களுக்குத் தோல் ஷூவே சிறந்தது.

உதறிவிட்டுப் போடுங்கள்
2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலான கடிகள் காலில்தான் விழுகின்றன. வெள்ளத்தில் வளைகள் மூழ்கும்போது பாம்புகள் மேட்டுக்கும் வீட்டுக்கும் வரும். கணுக்காலை மூடிய பூட்ஸும் கையில் டார்ச்சும் பெரிய பாதுகாப்பு. தேள் ஒளியவும் ஷூ தோதான இடம். ஒவ்வொரு முறையும் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு
வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், உணர்ச்சி இழந்த பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணாகிறது என்று தொழுநோயாளிகளிடம் கண்டறிந்தார். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கும் இதே விதிதான். எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர் செருப்பு அழுத்தத்தைப் பரவலாக்கும். அதில் குதிகாலைப் பிடிக்கும் பின்வார் இருக்கட்டும். நிவாரண முகாமுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தினமும் உள்ளங்காலை வீட்டார் ஒருவர் பார்க்க வேண்டும்.

குழந்தையின் ஜோடி
வளரும் குழந்தைக்குப் போன ஆண்டு எடுத்துவைத்த ஷூ இந்த ஆண்டு சேராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசரப் பையைத் திறந்து, தண்ணீரையும் மருந்தையும் மாற்றும் நாளிலேயே ஷூவையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஈர ஷூவை அடுப்பருகே வைக்காதீர்கள்
நேரடிச் சூட்டில் தோல் வெடிக்கும், பசை இளகும். இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருந்தால் விரைவில் உலரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை
ஆபத்துக்கென்று வாங்கிய ஷூவைப் புதுசாகவே வைத்திருப்பதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு. பழகாத ஷூ முதல் சில கிலோமீட்டரிலேயே காலைப் புண்ணாக்கும். வீட்டில் எல்லோரும் அவரவர் ஜோடியைப் போட்டு, அவசரப் பையை முதுகில் மாட்டி, ஊரின் மேடான இடம்வரை ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். எந்த விரல் இடிக்கிறது, எந்தச் சோல் வாய் பிளக்கிறது, தாத்தாவுக்கு எந்தச் செருப்பு ஒத்துவருகிறது என்று அன்றே தெரிந்துவிடும். அன்று தெரியும் குறையைச் சரிசெய்ய அடுத்த வாரம்வரை நேரம் இருக்கும். வெள்ளம் வாசலுக்கு வந்த பிறகு இருக்காது.