மலைத் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

மாணவர்களே, ஓர் அடுக்குமாடி இடிந்து விழுந்தால் அதற்கு என்ன காரணம் இருக்கும்? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால், "சிமெண்டைக் குறைத்துப் போட்டிருப்பார்கள், சார்!" என்ற பதில்தான் முதலில் வரும். சில விபத்துகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், நம் நாட்டையே உலுக்கிய ஒரு விபத்தில் முதலில் நகர்ந்தது கட்டடம் அன்று. அதன் பின்னால் இருந்த மண்.

1993 டிசம்பர் 11, சனிக்கிழமை. பிற்பகல் ஒன்றரை மணி இருக்கும். சிலாங்கூர், உலு கிளாங்கில் குன்றின் அடிவாரத்தில் நின்ற ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் மூன்று கட்டடங்களில் முதலாவது சாய்ந்து விழுந்தது. 12 மாடிகள் சில நொடிகளில் தரைமட்டமாயின. 48 பேர் உயிரிழந்தனர். உங்களில் பலருடைய பெற்றோர் அப்போது உங்கள் வயதில் இருந்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கும்.

என்ன நடந்தது?

குடியிருப்பின் பின்னால் இருந்த சரிவு படிப்படியாக வெட்டப்பட்டு, தடுப்புச் சுவர்களால் தாங்கப்பட்டிருந்தது. குன்றில் ஓடிய ஓர் ஓடை குழாய்கள் வழியே திருப்பிவிடப்பட்டிருந்தது. பிற்காலத்தில் மேலே இருந்த நிலத்திலும் மேம்பாட்டுப் பணிக்காக மரங்கள் அகற்றப்பட்டன. மரம் போனால் மழைநீரைத் தடுக்க ஆளில்லை. அது நேரே கீழே ஓடிவரும். வடிகால்கள் சரியாக இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 கன மீட்டர் நீர் விழுகிறது. ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். ஆக, மொத்தம் 1,000 டன்! இதில் ஒரு பகுதி மண்ணுக்குள் புகுந்தாலே சரிவின் சுமை கூடிவிடும்.

சுமையைவிட மோசமான ஒன்றும் உண்டு. மண் துகள்கள் ஒன்றோடொன்று அழுந்தி உராய்வதால்தான் சரிவு நிற்கிறது. துகள்களின் இடைவெளிகளில் நீர் நிறைந்து அழுத்தம் கூடும்போது, அந்த நீர் துகள்களை விலக்கப் பார்க்கிறது. உராய்வு குறைகிறது. ஒரு கட்டத்தில் மண் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. பல நாள் மழைக்குப் பிறகு ஹைலண்ட் டவர்ஸின் பின்னால் நடந்தது இதுதான். தடுப்புச் சுவர்கள் சரிந்தன. மண் முன்னோக்கி நகர்ந்து கட்டடத்தின் அடித்தளத்தைத் தள்ளியது.

அடித்தளம் ஏன் தாங்கவில்லை? ஒரு பென்சிலை ஈர மணலில் நட்டு மேலிருந்து அழுத்துங்கள், உறுதியாக நிற்கும். இப்போது அதைச் சுற்றியுள்ள மணலைப் பக்கவாட்டில் தள்ளுங்கள், சாய்ந்துவிடும். ஹைலண்ட் டவர்ஸ், தண்டவாள இரும்புகளைக் கொண்டு செய்த பைலிங் தூண்களின் மேல் நின்றது. மேலிருந்து வரும் எடையை அவை தாங்கின. பக்கவாட்டு விசைக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை.

மீட்புப் பணியின் அறிவியல்

இடிபாட்டுக்குள் ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள் என்றால், மண்வாரி இயந்திரத்தைக் கொண்டுவந்து உடனே அள்ளிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அப்படிச் செய்ய முடியாது. விழுந்த சுவர்களும் தளங்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கையில், நடுவே சிறு சிறு வெற்றிடங்கள் உண்டாகின்றன. உயிர் தப்பியவர்கள் அங்கேதான் இருப்பார்கள். தவறான ஒரு துண்டை இழுத்தால் அந்த வெற்றிடமே மூடிக்கொள்ளும். அதனால் முதலில் முட்டுக்கொடுத்து, பிறகுதான் வழி உண்டாக்குவார்கள்.

அவ்வப்போது எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு மீட்புக் குழுவினர் அமைதியாகக் காது கொடுப்பதும் உண்டு. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். இரும்பில் சுமார் 5,000 மீட்டர். சிக்கியவர் கத்துவதைவிட, அருகிலுள்ள குழாயையோ கம்பியையோ தட்டுவது நல்லது. ஒலி நன்றாகக் கடந்துவரும், அவருடைய மூச்சும் வீணாகாது.

ஹைலண்ட் டவர்ஸில் நம் மீட்பாளர்களோடு சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படையினரும் வந்து உழைத்தார்கள். அப்படியிருந்தும், இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டுப் பிழைத்தவர்கள் ஒரு பெண்ணும் ஒரு சிறு குழந்தையும் மட்டுமே. இத்தகைய பேரிடருக்கென்றே பயிற்சி பெற்ற குழு நமக்கு வேண்டும் என்பதை அந்த நாட்கள் உணர்த்தின. இன்று நீங்கள் செய்திகளில் பார்க்கும் 'ஸ்மார்ட்' எனும் சிறப்புப் பேரிடர் மீட்புக் குழு அதன் பிறகு உருவானதுதான்.

யார் பொறுப்பு?

மற்ற இரண்டு கட்டடங்களிலும் குடியிருந்தவர்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர்கள் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. பொறுப்பை அது எப்படிப் பிரித்தது தெரியுமா? மேம்பாட்டாளருக்கு 15 விழுக்காடு. கட்டட வரைவாளருக்கு 10. பொறியாளருக்கு 10. நகராண்மைக் கழகத்துக்கு 15. பின்னால் இருந்த சரிவு நிலத்தின் உரிமையாளருக்கு 30. மேலே இருந்த நிலத்தை மேம்படுத்திய தரப்புக்கு 20.

கூட்டிப் பாருங்கள், 100 வரும். ஆனால், எவர் ஒருவர் பங்கும் பாதியைக்கூடத் தொடவில்லை. கட்டடத்தைக் கட்டாத, பக்கத்து நிலத்துக்காரரின் பங்குதான் மிகப் பெரியது. தன் நிலத்தில் ஓடிய நீரைக் கவனிக்காமல் விட்டதும் பிழைதான் என்றது நீதிமன்றம்.

கதை அங்கே முடியவில்லை. உள்ளாட்சி மன்றங்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை வைத்து, நகராண்மைக் கழகம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2006இல் முடிவு செய்தது. அது சரியா என்று இன்றும் விவாதிப்பவர்கள் உண்டு. நீங்களும் வகுப்பில் விவாதிக்கலாம். ஆனால், எந்தத் தீர்ப்பாலும் அந்த 48 பேரைத் திருப்பித் தர முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது

கட்டடம் விழுவதற்கு முன்பே அங்குள்ள சாலையில் விரிசல்கள் கண்டதாகவும், அவை அகலமானதாகவும் குடியிருந்தவர்கள் கூறினர். சரிவு பெரும்பாலும் முன்கூட்டியே அறிகுறி காட்டும். உங்கள் வீடோ பள்ளியோ குன்றுக்கு அருகில் இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்: தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா? சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா? மரங்களும் விளக்குக் கம்பங்களும் புதிதாகச் சாய்ந்துள்ளனவா? தெளிவாக வடிந்த நீர் திடீரெனக் கலங்கி வருகிறதா? தரையில் புது விரிசல் உண்டா?

ஒன்றைக் கண்டாலும் படம் எடுத்து, தேதியைக் குறித்து, பெற்றோரிடமும் குடியிருப்பு நிர்வாகத்திடமும் காட்டுங்கள். நகராண்மைக் கழகத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பச் சொல்லுங்கள். மண் நகர்வது தெரிந்தால் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே விலகி ஓடுங்கள், பிறகு 999ஐ அழையுங்கள்.

"அது நம்ம வேலையில்லை" என்று ஆளுக்கொருவர் விட்ட தண்ணீர்தான் அன்று அந்தக் குன்றுக்குள் சேர்ந்தது. அடுத்த மழைக்கு முன் உங்கள் வீட்டின் பின்னாலுள்ள கால்வாயை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.